இன்னும் வலி வரலையா?

கர்ப்பம் உறுதியான கையோடு ஒரு தேதியைக் கொடுத்துவிடுகிறார்கள். ஸ்கேன் அறிக்கையின் மேல் மூலையில் அச்சாகி வரும் அந்தத் தேதியைச் சுற்றித்தான் அதற்கப்புறம் வீடே இயங்குகிறது. யார் எப்போது விடுப்பு எடுப்பது, யார் எப்போது கிளம்பி வந்து தங்குவது, அலுவலக வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று எல்லாமே அதை வைத்துத்தான். கடைசி சில வாரங்களில்தான் அது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கும் கணக்கு என்பது புரிய ஆரம்பிக்கும்.

கணக்கு இதுதான். கடைசி மாதவிடாயின் முதல் நாளை எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு ஏழு நாளைக் கூட்டி, மூன்று மாதத்தைக் கழித்து, வருடத்தை ஒன்று தள்ளிப் போட்டால் பிரசவத் தேதி வந்துவிடும். ஏறத்தாழ 280 நாள், அதாவது 40 வாரம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஜெர்மனியின் ஹைடல்பெர்கில் மகப்பேறு மருத்துவம் கற்பித்த ஃபிரான்ஸ் கார்ல் நேகலேயின் பெயரால் இதை நேகலே விதி என்கிறார்கள். எல்லாப் பெண்களுக்கும் 28 நாளுக்கு ஒருமுறை மாதவிடாய் வரும், பதினான்காம் நாள் கருமுட்டை வெளியாகும் என்ற அனுமானத்தில்தான் இந்த விதி நிற்கிறது. அப்படிப் பார்த்தால் 40 வாரத்தில் முதல் இரண்டு வாரம் நாம் கர்ப்பமாகவே இல்லை! தொடக்கமே இப்படி என்றால் முடிவை மட்டும் எப்படி நாள் குறித்துச் சொல்வது?

முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேன் இந்தக் கணக்கைத் திருத்திக் கொடுக்கும். இருப்பதிலேயே நம்பகமானது அதுதான். அதுவும் ஐந்தாறு நாள் முன்பின் இருக்கலாம். ஒன்பதாம் மாத ஸ்கேனில் இன்னொரு தேதி வரும்போது பலர் குழம்பிப்போகிறார்கள். எனக்கும் வந்தது. அதைப் பார்த்துவிட்டு அம்மா, "அப்போ இன்னும் ரெண்டு வாரம் இருக்குடி" என்று நிம்மதியாகப் போய்ப் படுத்துக்கொண்டார். கடைசி நேர ஸ்கேன் காட்டுவது குழந்தையின் அளவை. அந்தக் கட்டத்தில் ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு அளவில் இருக்கும் என்பதால் அதை வைத்து நாளைத் திருத்துவதில்லை. ஆரம்பத்தில் உறுதி செய்த தேதியே கடைசி வரைக்கும்.

அப்படிக் கறாராகக் குறித்த தேதியிலும் பிறப்பது நூற்றுக்கு நான்கைந்து குழந்தைகள்தான். 37 வாரம் முடிந்ததிலிருந்து 42 வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் வலி வரலாம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் 2013இல் இந்தக் காலத்தையே கூறுபோட்டார்கள்: 39 வாரத்துக்கு முன்னால் பிறந்தால் சற்று முந்தியது, 39 முதல் 41 வாரத்துக்குள் என்றால் முழுமாதம், 41ஐத் தாண்டினால் பிந்தியது, 42ஐத் தாண்டினால் நாள் கடந்தது. என்னைக் கேட்டால் ஸ்கேன் அறிக்கையிலும் ஒற்றைத் தேதியைப் போடாமல் 'இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள்' என்றே அச்சடித்துக் கொடுக்கலாம். ஒற்றைத் தேதி கையில் இருப்பதால்தான் அது கடந்த மறுநாள் காலையிலேயே, உடம்பில் எந்த மாற்றமும் இல்லாமல், நாம் 'லேட்' ஆகிவிடுகிறோம்.

லேட் ஆனவுடன் போன் வர ஆரம்பித்துவிடும். "என்ன, ஏதாச்சும் விசேஷமா?" என்று சுற்றி வளைப்பவர்கள் ஒரு வகை, "இன்னும் வலி வரலையா?" என்று நேராகவே கேட்பவர்கள் இன்னொரு வகை. போனை எடுக்காமல் விட்டால் இன்னும் மோசம். லேபர் வார்டில் இருக்கிறேன் என்று அவர்களாகவே முடிவுகட்டி, அம்மாவைக் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிடுவார்கள். கடைசியில் என் கணவர் ஒரு குறுஞ்செய்தியை எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் அதையே அனுப்பினார்: "இன்னும் இல்லை. பிறந்ததும் நாங்களே சொல்கிறோம்." ஒருவர் அதற்கும் "சரி, எப்போ பிறக்கும்?" என்று பதில் போட்டார்.

கேள்வி கேட்பவர்களைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வழி சொல்பவர்கள்தான் அசத்துவார்கள். நட, மாடிப்படி ஏறி இறங்கு, வீட்டைப் பெருக்கு, குத்தவைத்து உட்கார், காரமாகச் சாப்பிடு. ஒவ்வொருவர் கையிலும் கண்கண்ட வைத்தியம் ஒன்று இருக்கிறது. கொஞ்சம் கிண்டிப் பார்த்தால், அவரவருக்கு வலி வந்ததற்கு முந்தின நாள் எதைச் செய்தார்களோ அதுதான் வைத்தியமாகி இருக்கும். அண்ணி முந்தின நாள் பரணைச் சுத்தம் செய்தாராம், எனவே பரணைச் சுத்தம் செய்தால் வலி வரும். நாற்பது வாரம் ஆன ஒருத்திக்கு எதைச் சொன்னாலும் பலிக்கத்தான் செய்யும், எப்படியும் சில நாளில் அவள் பெறத்தானே போகிறாள். நடப்பது உடம்புக்கு நல்லது, மனசுக்கும் நல்லது, அதனால் நான் நடந்தேன். பௌர்ணமிக்கும் பிரசவத்துக்கும் தொடர்பில்லை என்று ஆராய்ச்சிகள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன, அதனால் காலண்டரைப் பார்ப்பதை நிறுத்தினேன். ஒன்றே ஒன்றுக்கு மட்டும் கண்டிப்பாக முடியாது என்றேன், அது விளக்கெண்ணெய். அது முதலில் கலக்குவது குடலைத்தான். பிரசவத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கில் துவண்டு, உடம்பில் நீர் வற்றிப் போய்ப் படுப்பதில் யாருக்கு என்ன லாபம்?

இரவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிறைமாதத்தில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் திரும்பிப் படுப்பதே தனி வேலை. முதலில் முழங்கையை ஊன்ற வேண்டும். அப்புறம் இடுப்பு. கடைசியாக வயிற்றை ஒரு கையால் தாங்கித் தூக்கி மறுபக்கம் வைக்க வேண்டும். அதற்குள் மூச்சு வாங்கும், உடனே சிறுநீர் வரும், எழுந்து போய்விட்டு வந்து முதலிலிருந்து மறுபடி. இதற்கு நடுவில்தான் வயிறு இறுகும். உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் தொப்புளுக்கு மேலே கல்லாகக் கெட்டிப்பட்டு, வயிறு ஒரு பக்கமாகக் கோணி நிற்கும். அரை நிமிடமோ முக்கால் நிமிடமோ அப்படியே இருந்துவிட்டு மெல்லத் தளரும். இது பொய்வலி. ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1872இல் இதை விவரித்து எழுதியதால் மருத்துவ நூல்களில் அவர் பெயரிலேயே இருக்கிறது. பக்கம் மாறிப் படுத்தாலோ, எழுந்து நாலு எட்டு நடந்தாலோ, தண்ணீர் குடித்தாலோ அடங்கிவிடும். நிஜ வலி அடங்காது. இடைவெளி குறைந்துகொண்டே வரும், ஒவ்வொன்றும் முந்தினதைவிட நீளும், பேசிக்கொண்டிருப்பவளைப் பேச்சை நிறுத்தவைக்கும்.

படிக்கும்போது இந்த வித்தியாசம் தெளிவாகத்தான் இருக்கிறது. நடு ராத்திரியில், போன் செயலியில் ஒவ்வொரு இறுக்கத்துக்கும் பொத்தானை அழுத்தி நேரம் பார்த்துக்கொண்டிருக்கும்போது அப்படி இல்லை. பத்து நிமிடம், எட்டு நிமிடம், மறுபடி எட்டு என்று வந்துகொண்டே இருந்து, பையை எடுத்து வாசலில் வைத்த பிறகு இருபத்தைந்து நிமிடம் ஒன்றுமே இல்லாமல் போகும். ஒருமுறை அப்படி மருத்துவமனை வரைக்கும் போனோம். சிஸ்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே, "கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கலம்மா. வீட்டுக்குப் போய் நல்லாத் தூங்குங்க" என்றார். தூங்குவதாம்! அந்தப் பையைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் பட்டியல் போட்டு அடுக்கிவைத்திருந்தேன். ஆனால் போன் சார்ஜரை மட்டும் தினமும் வெளியே எடுக்க வேண்டியிருந்தது, தினமும் அதைத் திரும்ப வைத்தோமா என்று சந்தேகம் வந்தது.

இந்தக் குழப்பம் என்னுடைய கவனக்குறைவால் வருவது இல்லை என்பது, உள்ளே நடப்பதைப் படித்தபோது புரிந்தது. கர்ப்பம் முழுக்கக் கருப்பை வாய் மூடி, நீளமாக, கெட்டியாக இருக்கிறது. கடைசி வாரங்களில் அது பழுக்கத் தொடங்குகிறது. தொட்டுப் பார்க்கும் மருத்துவர்கள் இதற்கு ஒரு எளிய ஒப்பீடு வைத்திருக்கிறார்கள்: முன்பு மூக்கு நுனி போல இருந்தது, பழுத்ததும் உதடு போல ஆகிவிடும். எட்வர்ட் பிஷப் என்ற அமெரிக்க மகப்பேறு மருத்துவர் 1964இல் இதற்கு மதிப்பெண் முறையே வகுத்தார். வாய் எவ்வளவு திறந்திருக்கிறது, எவ்வளவு மெலிந்திருக்கிறது, எவ்வளவு மிருதுவாக இருக்கிறது, எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, குழந்தையின் தலை எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று ஐந்து கேள்விக்கும் சேர்த்து மொத்தம் 13 மதிப்பெண். அதே சமயம் கருப்பைத் தசையில், அதை இறுகவைக்கும் ஹார்மோனான ஆக்ஸிடோசினைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் பெருகுகின்றன. தசை அணுக்களுக்கு நடுவே புதிய இணைப்புகள் உண்டாகின்றன. இந்த இணைப்புகள் போதுமான அளவு வரும்வரை தசை இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று தனித்தனியாகத்தான் இறுகும். வந்த பிறகு மொத்தக் கருப்பையும் ஒரே அலையாக இறுகும். பொய்வலிக்கும் நிஜ வலிக்கும் நடுவில் சுவர் எதுவும் இல்லை. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு உடம்பு நாள்கணக்கில் நழுவிக்கொண்டிருக்கிறது.

சரி, இதையெல்லாம் ஆரம்பித்துவைப்பது யார்? 1960களில் நியூசிலாந்தைச் சேர்ந்த மகப்பேறு மருத்துவர் மோன்ட் லிக்கின்ஸ் இதைச் செம்மறி ஆடுகளில் தேடினார். குட்டியின் அட்ரினல் சுரப்பியிலிருந்து வரும் கார்டிசால் என்ற ஹார்மோன்தான் பிரசவத்தைத் தொடங்கிவைக்கிறது என்று கண்டார். அதாவது நாள் குறிப்பது தாய் இல்லை, குட்டி. அந்தத் தேடலின் வழியில்தான், குறைமாதத்தில் பிறக்கப்போகும் குழந்தைகளின் நுரையீரலை முதிரவைக்கத் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடும் சிகிச்சையும் பிறந்தது. அவரும் ராஸ் ஹௌவியும் 1972இல் வெளியிட்டது அது. மனிதர்களில் இப்படி ஒற்றை விசை கிடைக்கவில்லை. கர்ப்பத்தைக் காத்துவரும் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் நம் ரத்தத்தில் குறைவதுகூட இல்லை, கருப்பைதான் அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிடுகிறது. குழந்தை, நஞ்சுக்கொடி, தாய் என்று எல்லோரிடமிருந்தும் செய்திகள் போகின்றன. இத்தனை பேர் கலந்து பேசி முடிவெடுக்கும் ஒரு விஷயத்துக்கு நான் மாடிப்படி ஏறுவதா தீர்ப்பு எழுதப்போகிறது? இதைப் படித்த பிறகு எனக்குள் ஒரு பெரிய ஆசுவாசம் வந்தது. இரவைப் பற்றியும் ஒன்று தெரிந்துகொண்டேன். இங்கிலாந்தில் 2005 முதல் 2014 வரை நடந்த ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்ததில், தானாக வலி வந்து பிறந்த குழந்தைகள் அதிகம் பிறந்தது அதிகாலை நான்கு மணியை ஒட்டித்தான். தூக்கம் கெடுவது எனக்கு மட்டும் இல்லை.

காத்திருப்பதில் செய்வதற்கு ஒன்றுமே இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அதை யாரும் போனில் சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம். குழந்தையின் அசைவைக் கவனிப்பது. "கடைசியில உள்ள இடம் இருக்காது, அதான் அசையாது" என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். தவறான பேச்சு. உதைப்பது குறைந்து, புரள்வதும் தள்ளுவதுமாக அசைவின் வகை மாறலாம். ஆனால் அசைவு குறையக் கூடாது, வலி தொடங்கிய பிறகும்கூட. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் உண்டு. என்னுடையது சாப்பிட்டு முடித்ததும் வலது விலாவுக்குக் கீழே ஒரு குதிகாலை வைத்து அழுத்தும். ராத்திரியில் விக்கல் எடுக்கும். ஒரே தாளத்தில் சின்னச் சின்னதாகத் துடிக்கும் அதை அசைவுக் கணக்கில் சேர்க்கக் கூடாது. ஒரு மாலை அந்தக் குதிகால் வரவில்லை. இடப்பக்கமாகப் படுத்து, கவனத்தை வயிற்றில் வைத்துப் பார்த்தேன், அப்போதும் மந்தமாகவே இருந்தது. விடியட்டும் பார்க்கலாம் என்று நினைக்காமல் கிளம்பிவிட்டோம். வயிற்றைச் சுற்றிப் பட்டையைக் கட்டி இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். தாளில் ஏறி இறங்கி ஓடிய கோட்டைப் பார்த்துவிட்டு மருத்துவர், "நல்லா இருக்கு. மறுபடியும் சந்தேகம் வந்தா மறுபடியும் வாங்க, யோசிக்காதீங்க" என்றார். அந்தக் கடைசிச் சொல்லுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

பனிக்குடம் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சினிமாவில் எல்லாப் பெண்களுக்கும் முதலில் அதுதான் உடைகிறது. நிஜத்தில் வலி வருவதற்கு முன்னாலேயே நீர் உடைவது நிறைமாதத்தில் பத்தில் ஒருவருக்குக்கூட இருக்காது. உடைந்தால் குபுக்கென்று கொட்டவும் செய்யலாம், சொட்டுச் சொட்டாகக் கசியவும் செய்யலாம். நிறத்தைப் பார்க்க வேண்டும். பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, உடனே கிளம்ப வேண்டும். நிறம் தெளிவாக இருந்தாலும் மருத்துவமனைக்குச் சொல்லியாக வேண்டும். லேசாக ரத்தம் கலந்த சளி படுவது கருப்பை வாய் இளகுவதன் அடையாளம், அதிலிருந்து வலிக்கு சில மணி நேரமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம். மாதவிடாய் போலச் சிவப்பாக ரத்தம் போவது வேறு விஷயம். அதற்கெல்லாம் காத்திருப்பு கிடையாது.

அப்புறம் அந்தக் கேள்வி: எதுவரைக்கும் காத்திருப்பது? என் பக்கத்தில் இருந்தவர்கள் இரண்டு கட்சி. வலி தானாகத்தான் வர வேண்டும், ஊசி போட்டு வரவைத்தால் கடைசியில் சிசேரியனில்தான் முடியும் என்பது அக்காவின் கட்சி. தேதி தாண்டிய மறுநாளே போய்ப் படுத்துவிடு என்பது அத்தையின் கட்சி. 41 வாரம் முழுதாக முடிந்தும் வலி வராதவர்களுக்கு வரவைக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஸ்வீடனில் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்கு 41 வாரத்தில் வலி வரவைத்தார்கள், மீதிப் பேரை 42 வாரம் வரை காத்திருக்கவைத்தார்கள். காத்திருந்த பக்கத்தில் ஆறு குழந்தைகள் இறந்தன, மறுபக்கத்தில் ஒன்றுகூட இல்லை. ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். 2019இல் முடிவுகள் வெளிவந்தன. ஆயிரக்கணக்கான பெண்களில் ஆறு என்பது சின்ன எண்தான். ஆனாலும் தானாக வர வேண்டும் என்ற பெருமைக்காக அந்தப் பக்கம் போய் நிற்க எனக்கு மனம் வரவில்லை.

அக்காவின் பயத்துக்கும் பதில் இருக்கிறது. 2018இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சிக்கல் இல்லாத முதல் பிரசவம் என்று ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை எடுத்துக்கொண்டார்கள். 39 வாரத்திலேயே வலி வரவைத்தவர்களில் 18.6 சதவீதம் பேருக்கு சிசேரியன். காத்திருந்தவர்களில் 22.2 சதவீதம். இதைக் காட்டியும் அக்கா ஒப்புக்கொள்ளவில்லை, அது அவளுடைய குணம். அவள் சொல்வதிலும் ஒன்று உண்மை: வாய் பழுக்காமல் இருந்தால் முதல் பிரசவத்தில் வலி வரவைப்பது ஒரு முழு நாளோ அதற்கு மேலோ இழுக்கும். முதலில் ஜெல்லோ மாத்திரையோ, இல்லையென்றால் சின்ன பலூனோ வைத்து வாயை இளக்குவார்கள். பிறகு ட்ரிப்ஸில் ஆக்ஸிடோசின் ஏற்றுவார்கள். அமெரிக்க வேதியியலாளர் வின்சென்ட் டு விக்னோ 1953இல் ஆய்வகத்தில் உருவாக்கி, இரண்டு வருடத்தில் அவருக்கு வேதியியலுக்கான நோபல் பரிசு வாங்கித் தந்த அதே பொருள்.

நாங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து 41 வாரத்தில் ஒரு தேதியை முடிவு செய்தோம். அதற்குச் சில நாள் முன்னால், விரலால் கருப்பை வாயின் உள்விளிம்பைச் சுற்றி, ஒட்டியிருக்கும் படலத்தை விலக்கிவிட்டார். இதனால் சிலருக்குத் தானாக வலி வந்துவிடும், மருந்து தேவைப்படாமல் போகும். "கொஞ்சம் அசௌகரியமா இருக்கும்" என்றுதான் சொன்னார். அந்தக் 'கொஞ்சத்தை' யார் அளந்தார்களோ தெரியவில்லை. ஆனால் இரண்டாவது தேதி கையில் வந்ததும் மனசு லேசாகிவிட்டது. இதைத் தாண்டிப் போகாது என்று தெரிந்த பிறகு, போன் வந்தால்கூட எடுத்துப் பேசினேன்.

குறித்த நாளுக்கு முன்னாலேயே வலி வந்துவிட்டது. எப்போது வந்தது என்பதில்தான் தகராறு. ஒரு பகல் முழுக்க இடுப்புக்குக் கீழே ஒரு மந்தமான இழுப்பு. சாயங்காலம் கொஞ்சம் கூடியது. நடுவில் ஒரு குட்டித் தூக்கம்கூடப் போட்டேன். நள்ளிரவுக்குப் பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதாக இருந்தது. ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், அப்படியே ஒரு மணி நேரம் என்று வந்ததும் கிளம்பினோம்.

லேபர் வார்டில் சிஸ்டர் படிவத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "வலி எப்ப ஆரம்பிச்சுது?" என்று கேட்டார்.

"நேத்துக் காலையில" என்றேன் நான்.

"இல்லை சிஸ்டர், ராத்திரி ஒரு மணிக்கு" என்றார் செயலியைக் கையில் வைத்திருந்த என் கணவர்.

"முந்தாநாளே இவ முகம் சரியில்லை" என்றார் அம்மா.

சிஸ்டர் எங்கள் மூவரையும் ஒரு பார்வை பார்த்தார். "சரி, கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" என்று அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டார்.